சுவாமியார் இருந்த வாங்கு

தீவகத்தில் ஒரு கோயில். எந்தத் தீவு, எந்தக் கோயில் என்பது வேண்டாம். ஆடி மாதத் திருநாளுக்கு ஆயத்தக் கூட்டம் நடக்கிறது. கடைசி நாள் சுருவத்தை வள்ளத்தில் ஏற்றிக் கடல் பவனி கொண்டுபோவது அங்கே பழைய வழக்கம். புதிதாக மாறி வந்திருந்த சுவாமியார், பூசை எட்டு மணிக்குத் தொடங்கட்டும், முடிந்ததும் பவனி என்றார். கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்து நிற்பவர்கள் ஆறுதலாக எழும்பி வருவதற்கு அது வசதி. பின் வாங்கில் இருந்து ஒரு கிழவர் எழும்பினார். நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். "சுவாமி, இது சோழகக் காலம். வெயில் ஏற முந்திப் போய்த் திரும்பினாத்தான்..." அவ்வளவுதான் சொன்னார். சுவாமியார் வாய் திறக்கவில்லை. முன்வரிசையில் இருந்த பங்குச் சபைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டினார்: "மேய்ப்பர் ஆடுகளிட்ட வழி கேக்கிறேல்லை. இருங்கோ அப்பு."

எல்லாரும் சிரித்தார்கள். கிழவரும் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டார்.

பவனி பாதி வழியில் திரும்பியது. காற்று எழும்பிவிட்டது. சுருவத்துக்குப் போர்த்திய பட்டு உப்புத் தண்ணீரில் ஊறிப்போனது, இரண்டு பிள்ளைகள் சத்தி எடுத்தார்கள். வேறு சேதமில்லை. அடுத்த ஞாயிறு காற்றைத் திட்டினார்கள், கனடாக்காரரைத் திட்டினார்கள், வள்ளத்தின் எஞ்சினைத் திட்டினார்கள். அந்தக் கிழவர் எழும்பி நின்ற அரை நிமிடத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

சுவாமியாரில் நான் பெரிய குற்றம் காணவில்லை. அவர் இளையவர், ஊருக்குப் புதியவர். அந்தக் கிழவரை இருத்திய வசனத்தோடுதான் என் வழக்கு. அது தற்செயலாக வாயில் வந்த வசனமில்லை. தீவகத்திலும் யாழ்ப்பாணத்திலும் கத்தோலிக்கர், தென்னிந்திய திருச்சபையார், தகரக் கொட்டகையில் கைதட்டிச் செபிக்கும் புதிய சபையார் என்ற வேறுபாடில்லாமல் எல்லாரும் நம்பும் கொள்கை அது. தலைவன் என்றால் தெரிந்தவன். தெரியாது என்று சொன்னால் மதிப்புப் போய்விடும். சனத்திடம் கேட்கத் தொடங்கினால் சனம் தலையில் ஏறிவிடும். அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் திருத்த நாம் யார்? இப்படிப் பேசுபவர்கள் கெட்டவர்களில்லை, பெரும்பாலும் கோயிலுக்காக உழைப்பவர்கள். ஆனாலும் அவர்கள் சொல்வது பிழை.

இந்த மண்ணிலேயே பிறந்த ஒருவரிலிருந்து தொடங்குகிறேன். ஊர்காவற்றுறைத் தீவின் கரம்பொன்னில் 1913 ஆகஸ்ட் 2ஆம் திகதி பிறந்தவர் சேவியர். தனிநாயகம் என்ற பெயரைப் பின்னாளில் தன் முன்னோர் வழியிலிருந்து எடுத்துக்கொண்டார். ஊர்காவற்றுறை அந்தோனியார், யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார், கொழும்புக் குருமடம், பிறகு ரோமாபுரி. 1938இல் குருப்பட்டம், அடுத்த வருடம் முனைவர் பட்டம். இலத்தீனும் இத்தாலியமும் இன்னும் சில ஐரோப்பிய மொழிகளும் கைவந்துவிட்டன. தூத்துக்குடி மறைமாவட்டத்தில் சேர்ந்து, 1940இல் வடக்கன்குளம் புனித தெரேசாள் பள்ளியில் துணைத் தலைமையாசிரியராகப் போய் இறங்கியபோது அவருக்கு வயது இருபத்தேழு. அக்காலப் பெரிய பள்ளிக்கூடங்களின் ஆங்கிலப் படிப்பில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலரைப் போல, அவருக்குத் தமிழ்தான் சரியாகக் கைவரவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இளம் குருவானவர். ரோமில் படித்தவர். பள்ளிக்கூடத்தில் அதிகாரம் உள்ளவர். எங்கள் பங்குச் சபைக்காரர் பக்கத்தில் இருந்திருந்தால் என்ன புத்தி சொல்லியிருப்பார்? தெரிந்த தமிழை வைத்துச் சமாளியுங்கோ சுவாமி, பிரசங்கத்துக்கு அது காணும். தனிநாயகம் சமாளிக்கவில்லை. அங்கிருந்த ஒரு பண்டிதரிடம் பாடம் கேட்கப் போனார். அதோடும் விடவில்லை. 1945இல், முப்பத்திரண்டு வயதில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலைக்கு மாணவனாகச் சேர்ந்தார். முனைவர் பட்டம் கையில் இருந்தவர் முதுகலை வகுப்பு வாங்கில், தன்னைவிடப் பத்து வயது இளையவர்களோடு, தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் போன்றவர்களிடம் சங்க இலக்கியம் கேட்டுக் குறிப்பு எடுத்தார். பிறகு எம்.லிட். ஆய்வு. ஆக நான்கு வருடம்.

மதிப்புப் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் அடுத்து நடந்ததைப் பார்க்கட்டும். 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். 1964 ஜனவரியில் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவானதில் முதன்மையானவர். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் மாநாடு. அந்தாவ் த புரவென்சா பாதிரியாரின் 1679ஆம் வருடத்துத் தமிழ் - போர்த்துக்கீச அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து அதே 1966இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். வடக்கன்குளத்தில் "எனக்கு வராது, சொல்லித் தாருங்கள்" என்று ஒரு பண்டிதருக்கு முன்னால் போயிராவிட்டால் இவற்றில் ஒன்றும் நடந்திராது. அவர் வாயைப் பார்த்துச் சபைகள் காத்திருந்ததற்கு அங்கி காரணமில்லை. அங்கி போட்டவர்கள் அன்றும் ஆயிரம் பேர் இருந்தார்கள்.

"அவர் படித்தது இலக்கியம். விசுவாச காரியத்தில் மேய்ப்பர் படிக்கவேண்டியது என்ன இருக்கு?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. மறுமொழி தனிநாயகத்தின் ரோமாபுரி ஆய்விலேயே கிடக்கிறது. அவர் ஆராய்ந்தது மூன்றாம் நூற்றாண்டில் வட ஆபிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துக் குருக்களை, புனித சிப்ரியான் அங்கே ஆயராக இருந்த காலத்தை. சிப்ரியான் ஆளத் தெரியாத மனிதரில்லை. ஆயரின் அதிகாரத்துக்காக அவரைப்போல் வாதாடியவர்கள் குறைவு. அந்த மனிதர்தான் தன் குருக்களுக்கு எழுதுகிறார்: ஆயரான நாள்முதலே, உங்கள் ஆலோசனையும் சனத்தின் சம்மதமும் இல்லாமல் என் சொந்த எண்ணப்படி ஒன்றும் செய்வதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன் என்று. இன்னொரு கடிதத்தில் ஆயர் கற்பித்தால் மட்டும் போதாது, கற்கவும் வேண்டும், நாளாந்தம் கற்று வளர்பவரே நன்றாகக் கற்பிப்பார் என்ற கருத்தை வைக்கிறார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு, மறைக்க விரும்பவில்லை. அந்த இரண்டாவது கடிதம் ரோமாபுரி ஆயர் ஸ்தேவானோடு நடந்த சண்டையில் எழுதியது. பிரிந்துபோன குழுக்களில் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குத் திரும்பவும் கொடுக்கவேண்டும் என்று சிப்ரியான் நின்றார். திருச்சபை பிற்பாடு ஸ்தேவானின் பக்கம் நின்றது. ஆயர் கற்கவேண்டும் என்று எழுதிய அதே கடிதத்தில் அவருடைய வழக்குப் பிழைத்துப்போனது! நூற்றைம்பது வருடம் கழித்து அகுஸ்தீனார் அவரைத் திருத்தினார். திருத்தியபோது சிப்ரியானின் பெருமை கெடவில்லை, ஏனென்றால் தன்னைத் திருத்துவதற்கான கதவை அவரே திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். இன்றைக்கும் பூசை மன்றாட்டில் அவர் பெயர் சொல்லப்படுகிறது.

இனி அபிஷேகம் பண்ணப்பட்டவர் என்ற வாதம். புதிய சபைகளில் இதுதான் பெரிய ஆயுதம். போதகரின் கணக்கைப் பற்றி ஒரு வாலிபன் வாய் திறந்தால், கர்த்தர் அபிஷேகம் பண்ணினவர்மேல் கை போடாதே என்று வசனம் வந்து விழும். வசனம் உள்ள அதிகாரத்தை முழுக்க வாசித்தவர்கள் எத்தனை பேர்? எங்கேதிக் குகையில் சவுல் தனியே அகப்பட்டபோது தாவீது அவரைக் கொல்லவில்லை, அது உண்மை. சால்வைத் தொங்கலை அறுத்து எடுத்துக்கொண்டார். பிறகு குகைக்கு வெளியே வந்து, சவுலைக் கூப்பிட்டு, அந்தத் துணித் துண்டைத் தூக்கிக் காட்டி, நீர் செய்வது அநியாயம் என்று நியாயம் கேட்டார். கை போடாதே என்ற அதே கதையில்தான் வாயைத் திற என்பதும் இருக்கிறது. வருடங்கள் கழித்துத் தாவீது தானே அரசனாகி உரியாவின் மனைவியை எடுத்தபோது நாத்தான் வந்தார். அபிஷேகம் பண்ணப்பட்டவர் அப்போது நாத்தானை வாயடைக்கச் சொல்லவில்லை, நான் பாவஞ்செய்தேன் என்றார். சவுலும் தாவீதும் இரண்டு பேரும் அபிஷேகம் பெற்றவர்கள்தான். இரண்டு பேரும் பிழை விட்டவர்கள்தான். சொன்னதைக் கேட்டவன் யார் என்பதில்தான் வித்தியாசம்.

வேதாகமம் பெயர் சொல்லித் தாழ்மைக்குப் புகழும் தலைவர் மோசே. காலையிலிருந்து மாலைவரை தனியாக இருந்து எல்லா வழக்கும் விசாரித்துக்கொண்டிருந்த அவரிடம், நீர் செய்வது சரியில்லை, நீரும் இளைத்துப்போவீர் சனமும் இளைத்துப்போகும் என்று சொல்லி, ஆயிரம் பேருக்கு ஒருவர், நூறு பேருக்கு ஒருவர் என்று பிரித்துக் கொடுக்கக் கற்பித்தவர் எத்திரோ. அவர் இஸ்ரவேலருமில்லை, மீதியான் நாட்டு ஆசாரியன். மாமன் வேறு. மாப்பிள்ளைக்கு மாமன் புத்தி சொன்னால் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். மோசே கேட்டார். குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கு நேர்த்தி கொண்டுபோகும் சனத்தோடும், நாகவிகாரைக்கு வந்த சிங்களச் சனத்தோடும் ஒன்றாக நின்று படகுக்குக் காத்திருக்கும் ஒரு தீவகப் போதகருக்கு, மோசேயின் இந்தக் கதையைவிடப் பொருத்தமான பாடம் எது?

கேட்டால் ஆபத்து என்பவர்கள் கையில் ஒரு பலமான சாட்சி இருக்கிறது. நாவலர். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிசனின் பேர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழாக்க எடுத்துக்கொண்டபோது துணைக்கு வைத்துக்கொண்டது பின்னாளில் நாவலரான ஆறுமுகம் என்ற சைவ இளைஞரை. வருடக்கணக்காக அந்த இளைஞர் சொல்லச் சொல்லப் பாதிரியார் கேட்டார், எழுதினார், அடித்தார், திரும்ப எழுதினார். 1848இல் ஆறுமுகம் விலகி வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார், மிசனுக்கு அவரைவிடக் கூர்மையான எதிரி பிறகு வரவில்லை. "பாத்தீங்களோ, பாதிரியார் படிக்கப் போய் எதிரிக்குப் பைபிளைப் படிப்பிச்சு விட்டிட்டார்" என்பார்கள். இன்னொன்றையும் நானே சேர்த்துக் கொடுக்கிறேன்: 1850இல் வந்த அந்த மொழிபெயர்ப்பு தமிழ்நாட்டில் எடுபடவில்லை. 1871இல் முடிந்த பவர் ஐயரின் திருத்தம் அதன் இடத்தைப் பிடித்தது.

எல்லாம் சரி. கேட்பதற்கு விலை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பேர்சிவல் கேட்காமல் விட்டிருந்தால் நாவலர் எதிரியாகாமல் இருந்திருப்பாரோ? நல்லூரில் பிறந்த அந்த மூளை எப்படியும் மிசனை அளந்திருக்கும். கேட்டதால் பேர்சிவலுக்குத் தமிழ் கிடைத்தது. பிற்காலத்தில் சென்னைக்குப் போய்த் 'தினவர்த்தமானி' என்ற தமிழ்ப் பத்திரிகையை அவர் நடத்தினார். மொழிபெயர்ப்பு நிலைக்காமல் போனதற்குக் காரணமும் அவர் கேட்டது அல்ல. யாழ்ப்பாணத்தில் கேட்ட அளவுக்கு அக்கரையில், சாதாரண கிறிஸ்தவர்களிடம் கேட்கவில்லை என்பதே என் கணக்கு. நடை உயர்ந்துபோய்விட்டது என்றுதான் அங்கே குறை சொன்னார்கள்.

போர்க்காலத்தை இழுத்து வாதாடுபவர்களும் உண்டு. குண்டு விழும்போது ஆலோசனைக் கூட்டம் வைக்க முடியுமா, கட்டளை இடும் தலைவர் வேண்டாமா என்று கேட்பார்கள். 2006 ஆகஸ்ட் 13ஆம் திகதி அல்லைப்பிட்டியில் புனித பிலிப்பு நேரியார் கோயிலில் ஒதுங்கியிருந்த சனத்தின்மேல் எறிகணை விழுந்தது. கோயிலுக்குள் சனம் செத்தது. பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் அந்தப் பங்குக்கு வந்து அதிக காலமாகவில்லை. மிஞ்சிய சனத்தோடு ஊர்காவற்றுறைக்குப் போனார். ஆகஸ்ட் 20ஆம் திகதிக்குப் பிறகு அவரை ஒருவரும் காணவில்லை. அந்த நாட்களில் இந்தத் தீவுகளில் எந்தக் குருவானவரும் யாருக்கும் கட்டளையிடும் நிலையில் இருக்கவில்லை. துவக்கு வைத்திருந்தவர்கள் கட்டளையிட்டார்கள். குருவானவரிடம் சனம் ஓடியது அவர் தங்களோடு நிற்பார் என்பதற்காக.

இன்னும் பின்னுக்குப் போனால் 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தரிடம் விழுந்தது. கத்தோலிக்கக் குருக்கள் துரத்தப்பட்டார்கள். 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் கூலி வேடத்தில் வந்து இறங்கும்வரை ஏறக்குறைய முப்பது வருடம். மேய்ப்பன் இல்லாவிட்டால் ஆடு சிதறும் என்கிறார்களே, சிதறவில்லை. வீட்டுக்குள் செபமாலை சொன்னார்கள், பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்தார்கள். வாஸ் அடிகளார் கோவாவில் ஒரு குருக்கள் சபைக்குத் தலைவராக இருந்தவர். இங்கே பிச்சைக்காரனாகக் கழுத்தில் செபமாலையோடு வீடுவீடாகப் போய், யாருடைய கண் அதில் நிற்கிறது என்று பார்த்து ஆட்களைக் கண்டுபிடித்தார். எந்தப் படலையைத் தட்டலாம், எந்த ஒழுங்கையால் இருட்டில் போகலாம் என்பதைச் சில்லாலை ஊர்ச் சனம்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது தீவகத்திலிருந்தும் பஸ் பிடித்துப் போய்க் கைதட்டினோம். ஆடுகளிடம் வழி கேட்ட மேய்ப்பருக்குத்தான் கைதட்டினோம் என்பது எத்தனை பேருக்கு நினைவில் இருந்தது?

எங்கள் தலைவர்களிடம் தாழ்மை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தாழ்மை நிறைய இருக்கிறது, பேச்சில். "நான் ஒரு தூசி" என்று தொடங்காத சாட்சி உண்டோ? பெரிய வியாழன் பூசையில் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுகிறோம். கழுவப்படுகிறவர்கள் வீட்டிலேயே சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வருகிறார்கள், சுவாமியாரின் கையில் ஊத்தை படக்கூடாது என்று. சனமும் சேர்ந்து நடத்தும் நாடகம் இது. தலைவர் தாழ்மையாய்த் தோன்றவேண்டும், ஆனால் தாழ்ந்துவிடக் கூடாது. அந்தக் கூட்டத்தில் கிழவரை இருத்தியது சுவாமியார் இல்லை, எங்களில் ஒருவர்தான் என்பதை நான் முதலிலேயே எழுதிவிட்டேன்.

ஏன் இருத்தினார் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதிப் பொய். சுவாமியார் ஒரு டாக்டரிடம் ஆலோசனை கேட்கலாம், கொழும்பில் இருக்கும் கணக்காளரிடம் கேட்கலாம், ஒருவரும் முகம் சுழிக்கமாட்டார்கள். வலைக்காரக் கிழவரிடம் கேட்டால்தான் மேய்ப்பன், ஆடு என்ற தத்துவம் எல்லாம் வரும். யாரிடம் கற்பது என்ற கேள்வியை யாழ்ப்பாணத்தில் கேட்டால் சாதி உடனே வந்து பக்கத்தில் குந்தும். கற்றுக்கொடுப்பது பெண் என்றால் இன்னும் மோசம். அப்பொல்லோ வேதத்தில் வல்லவர், நாவன்மை உள்ளவர். கூடாரம் தைக்கும் ஒரு குடும்பமான பிரிஸ்கில்லாவும் ஆக்கில்லாவும் அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு, அவருக்குத் தெரியாத பகுதியைச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. கதையில் மனைவியின் பெயர் முன்னுக்கு வருகிறது. எங்கள் பங்குகளில் பாதிரிமாருக்குப் புத்தி சொல்லக்கூடிய பெண்கள் எத்தனை பேர் திருநாள் அன்று குசினிக்குள் நிற்கிறார்கள்!

"அப்படியென்றால் விசுவாசப் பிரமாணத்தையும் வாக்கெடுப்புக்கு விடுவீரோ?" என்று கடைசியாக ஒரு கேள்வி வரும். ஒருவரும் அதைக் கேட்கவில்லை. கிழவர் திரித்துவத்தைத் திருத்த எழும்பவில்லை, காற்றைப் பற்றிச் சொல்ல எழும்பினார். கேட்பது என்றால் கீழ்ப்படிவது என்று யாரும் சொல்லவில்லை. கேட்டபிறகும் சுவாமியார் எட்டு மணிதான் என்று தீர்மானித்திருக்கலாம், அது அவருடைய பொறுப்பு. வள்ளுவர் இதைத் தெளிவாக வைத்திருக்கிறார். கல்வி, கேள்வி என்ற அதிகாரங்களை அவர் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று வைக்கவில்லை. அரசியலில், இறைமாட்சிக்குப் பிறகு, ஆள்பவனுக்கென்று வைத்தார். இடித்துச் சொல்பவர்களைத் துணையாக வைத்துக்கொள்ளும் பெரியாரைத் துணைக்கோடலும் அங்கேதான் வருகிறது. தனிநாயகம் பின்னர் லண்டனில் செய்த ஆய்வும் பழந்தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனை பற்றியதுதான்.

அந்தக் கோயிலின் பங்குச் சபைக்கு ஒரு வார்த்தை. கிழவர் இன்னும் இருக்கிறார். விடியக் கடற்கரையில் பூவரசுக்குக் கீழே வலை பொத்திக்கொண்டிருப்பார், காது கொஞ்சம் மந்தம், கிட்டப் போய்ச் சத்தமாகக் கதைக்கவேணும். வரும் ஆடிக்குப் பவனி நேரத்தை நோட்டீசில் அடிக்க முதல் சுவாமியாரையும் கூட்டிக்கொண்டு ஒருக்கா அவரிடம் போங்கோ.